தமிழ்நாட்டில் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாறு

ஒருவரைப் பற்றிய விவரங்களைப் பிறர் முறையின்றி எடுப்பதையும் பயன்படுத்துவதையும் கசியவிடுவதையும் தடுக்கும் ஏற்பாடே தரவுப் பாதுகாப்பு. விழுப்புரம் மாவட்டம் திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூரில் ஒருவர் சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அவருடைய பெயர், முகவரி, கைப்பேசி எண் முதலியவை அரசுக் கணினியில் பதிவாகின்றன. அவை கசிந்து அவருக்கு இழப்பு ஏற்பட்டால் யாரிடம் முறையிடுவது? இக்கேள்விக்கான விடை கடந்த கால் நூற்றாண்டில் பலமுறை மாறியுள்ளது.

அந்தரங்க உரிமை

இந்திய அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்று தனிப்பிரிவு கிடையாது. அதற்கு வடிவம் தந்த வழக்குகளுள் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து சென்றது. சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது சிறைத்துறை எதிர்ப்புத் தெரிவித்தது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தனித்து விடப்படும் உரிமை 21ஆம் பிரிவில் அடங்கும் என்றும், பொது ஆவணங்களில் உள்ளவற்றை இதழ் வெளியிடலாம் என்றும் கூறியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர்.

மாநில அளவில் தீர்ப்பு

தொலைத்தொடர்பு ஒன்றியப் பட்டியலில் இருப்பதால், இத்துறையில் சட்டமியற்றும் பொறுப்பை நாடாளுமன்றமே ஏற்றது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும் இழப்பீட்டு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் மாநிலங்களுக்குக் கிடைத்தது. 2003ஆம் ஆண்டு ஆணைப்படி, ஒவ்வொரு மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரும் தீர்ப்பளிக்கும் அதிகாரி ஆனார்.

அதன் பயன் 2010 ஏப்ரலில் தெரிந்தது. வெளிநாட்டில் பணியாற்றிய ஒரு தமிழர், 2007இல் வங்கியின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பித் தம் கணக்கு விவரங்களைத் தந்து ஆறு இலட்சம் ரூபாய்க்கு மேல் இழந்தார். தவறு வாடிக்கையாளருடையதே என்று வங்கி வாதிட்டது. அதை ஏற்காத தமிழ்நாட்டுச் செயலாளர், 12.85 இலட்சம் ரூபாய் வழங்குமாறு வங்கிக்கு ஆணையிட்டார்.

2008ஆம் ஆண்டுத் திருத்தம் 43அ பிரிவைச் சேர்த்தது. முக்கியத் தரவுகளைக் காப்பதில் அலட்சியம் காட்டும் நிறுவனங்கள் இழப்பீடு தரவேண்டும் என்றது அப்பிரிவு. ஆனால் அரசுத் துறைகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பும் வகையில் தமிழ்நாடு அரசு 2020 செப்டம்பரில் இணையப் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது. துறைகள் பின்பற்ற வேண்டிய நடைமுறைகளை அது வகுத்தது. கொள்கை சட்டமன்று. ஆகவே பாதிக்கப்பட்ட குடிமகன் அதைக் காட்டி இழப்பீடு கோர இயலாது.

2023ஆம் ஆண்டுச் சட்டம்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இச்சட்டம் அரசையும் கட்டுப்படுத்துகிறது; அதேவேளையில் பல விலக்குகளையும் அளிக்கிறது. சான்றிதழ், மானியம் போன்றவற்றை வழங்க, அரசு தன்னிடம் ஏற்கெனவே உள்ள விவரங்களை மறு ஒப்புதலின்றிப் பயன்படுத்த இடமுண்டு.

விதிமீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அத்தொகை பாதிக்கப்பட்டவருக்குப் போகாது. இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். பழைய 43அ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. முறையீடுகளை விசாரிக்கும் பொறுப்பு ஒன்றிய அரசு அமைக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தைச் சேரும்.

ஒலக்கூர்க்காரருக்கு இதனால் கிடைப்பதும் உண்டு, இழப்பதும் உண்டு. தம் விவரங்களைக் கசியவிட்ட அரசுத் துறைமீது அவர் முறையிட இச்சட்டம் வழிசெய்கிறது. ஆனால் தண்டம் விதிக்கப்பட்டாலும், அதில் ஒரு ரூபாய்கூட அவர் கைக்கு வராது.