சாபு

சாபு (27 ஜனவரி 1924 – 2 டிசம்பர் 1963) மைசூர் அரசின் யானைப் பாகர் குடும்பத்தில் பிறந்து, பதின்மூன்று வயதில் பிரிட்டிஷ் திரைப்படத்தின் நாயகனாகவும், இருபது வயதுக்குள் ஹாலிவுட்டின் முன்னணி நடிகராகவும் உயர்ந்தவர். இருபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். எல்லாமே மேல்நாட்டுத் தயாரிப்புகள். இந்தியப் படம் ஒன்றுகூட அவர் கணக்கில் இல்லை. உலகம் அறிந்த முதல் இந்தியத் திரை நட்சத்திரம் யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இவர் பெயரையே பதிலாகச் சொல்கிறார்கள்.

இவரைச் சாபு தஸ்தகீர் என்று பல நூல்கள் குறிப்பிடுகின்றன. தஸ்தகீர் என்பது உண்மையில் அண்ணனின் பெயர். ஆவணக் குழப்பத்தால் தம்பியின் மேலும் ஒட்டிக்கொண்டது. ஷேக் என்ற குடும்பப் பெயரோடு செலார் ஷேக் சாபு என்பதே சரி என்பர். திரையில் அவருக்கு எப்போதும் ஒரே சொல்தான் பெயர்.

பிறப்பும் வளர்ப்பும்

மைசூருக்குத் தெற்கே, கபினி ஆற்றங்கரையில் உள்ள காராபூர் அவர் பிறந்த ஊர். அந்தக் காலத்தில் அதைச் சுற்றிய காடு கெட்டாவுக்குப் பேர்போனது. காட்டு யானைக் கூட்டத்தைப் பறையடித்தும் தீப்பந்தம் காட்டியும் விரட்டி வந்து, ஆற்றைக் கடக்கவைத்து, மரத்தடி வேலிக்குள் அடைப்பதே கெட்டா. ஜி. பி. சாண்டர்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1870-களில் மைசூர்க் காட்டில் தொடங்கிய இந்த முறை, பின்னர் வைஸ்ராய்களுக்கும் வெளிநாட்டு விருந்தினருக்கும் அரசு காட்டும் பெரும் வேடிக்கையானது. மைசூர்ப் பகுதியில் 1971 வரை கெட்டா நடந்தது. அதன் பிறகு எழுந்த கபினி அணையின் நீர்ப்பரப்பு அந்தக் களங்களை மூழ்கடித்தது. இன்று காராபூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நாகரஹொளே தேசியப் பூங்காவுக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகள்.

சாபுவின் தந்தை மைசூர் மகாராஜாவிடம் வேலை பார்த்த பாகன். மகனின் மிக இளவயதிலேயே தாய் இறந்துவிட்டார். சில ஆண்டுகளில் தந்தையும் இறந்தார். பிறகு பையனுக்கும் அவன் அண்ணனுக்கும் அரண்மனையின் யானைக் கொட்டாரமே புகலிடம்.

‘எலிஃபண்ட் பாய்’

ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி, எஸ்கிமோ வாழ்வைக் காட்டிய ‘நானூக் ஆஃப் த நார்த்’ (1922) படத்தால் ஆவணப்பட உலகின் முன்னோடி என்று பெயர் பெற்ற அமெரிக்கர். லண்டனில் படநிறுவனம் நடத்திவந்த ஹங்கேரியரான அலெக்சாண்டர் கோர்டா, கிப்ளிங்கின் யானைக் கதை ஒன்றைப் படமாக்க 1935-இல் அவரை மைசூருக்கு அனுப்பினார். நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரசு யானைகளையும் ஆட்களையும் கொடுத்தது. தங்குவதற்கு ஓர் அரண்மனைக் கட்டடத்தையும் ஒதுக்கியது. யானையோடு பழகும் சிறுவன் ஒருவனைத் தேடி அலைந்த குழு, கடைசியில் கொட்டாரத்திலேயே பதினோரு வயதுச் சாபுவைக் கண்டுபிடித்தது. ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் போரடேலுக்கும் இந்தத் தேர்வில் பங்கு உண்டு.

ஃபிளாஹெர்ட்டி கதையைப் பற்றிக் கவலைப்படாமல் மாதக்கணக்கில் படச்சுருளை ஓட்டித் தள்ளினார். பொறுமையிழந்த கோர்டா, தம்பி ஸோல்ட்டானை இயக்குநராக நுழைத்து, பையனை லண்டனுக்கு அருகிலுள்ள டெனம் ஸ்டூடியோவுக்கே வரவழைத்து மீதியை எடுத்து முடித்தார். படத்தில் இந்த ஒட்டுவேலை தெரிகிறது. காட்டிலும் ஆற்றிலும் எடுத்த பகுதிகள் மூச்சுவிடுகின்றன. கூடாரத்துக்குள் ஆங்கிலேய நடிகர்கள் முகத்தில் மை பூசிப் பேசும் பகுதிகள் நாடக மேடையாக நிற்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது சாபுவின் முகம் ஒன்றுதான். மைசூரில் ஆங்கிலம் தெரியாமல் நடிக்கத் தொடங்கியவன், முடிந்த படத்தின் தொடக்கத்தில் கேமராவைப் பார்த்து ஆங்கிலத்தில் கதைக்கு முன்னுரை சொல்கிறான். 1937-இல் வெனிஸ் விழாவில் ஃபிளாஹெர்ட்டிக்கும் ஸோல்ட்டானுக்கும் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது.

அண்ணனோடு இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட சாபுவுக்குப் பள்ளிப் படிப்பும் நடிப்பும் சேர்ந்தே நடந்தன.

‘த டிரம்’ படமும் பம்பாய் எதிர்ப்பும்

அடுத்து வந்த ‘த டிரம்’ (1938) வண்ணப்படம். வடமேற்கு எல்லையில் ஒரு சிற்றரசின் இளவரசன் அஸீமாகச் சாபு. சூழ்ச்சிக்காரச் சித்தப்பாவுக்கு எதிராக ஆங்கிலேயப் படையின் பக்கம் நின்று, முரசடித்து அவர்களை எச்சரிக்கும் பாத்திரம். மலைக் காட்சிகளில் பல பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் எடுக்கப்பட்டவை.

பிரிட்டனில் படம் ஓடியது. பம்பாயில் திரையரங்கு முன் மறியல் எழுந்தது. எல்லைப்புற முஸ்லிம்களை வஞ்சகராகக் காட்டுகிறது, ஏகாதிபத்தியத்துக்குப் பிரசாரம் செய்கிறது என்பவை குற்றச்சாட்டுகள். இறுதியில் படம் அங்கே நிறுத்தப்பட்டது. தன் நாட்டுக்காரர்கள் தெருவில் இறங்கி எதிர்த்த படத்தின் விளம்பரத்தில் முதல் பெயர் பதினான்கு வயதுப் பையனுடையது. கதையை எழுதியதும் அவனல்ல, அதன் அரசியலைத் தீர்மானித்ததும் அவனல்ல. ஆனாலும் சாபுவை இந்தியாவில் முழு மனதோடு கொண்டாடாமல் போனதற்கு இந்தப் படமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

‘த தீஃப் ஆஃப் பாக்தாத்’

சாபுவின் உச்சம் இந்தப் படம். 1939-இல் டெனமில் தொடங்கியது. போர் மூண்டதும் வேலை நின்று, 1940-இல் அமெரிக்காவுக்கு மாறியது. பாலைவனக் காட்சிகளுக்கு அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பயன்பட்டது. மைக்கேல் பவல், லுட்விக் பெர்கர், டிம் வீலன் மூவர் பெயரும் இயக்குநர் பட்டியலில் உண்டு. கோர்டா சகோதரர்களின் கைவரிசை தனி. வண்ண ஒளிப்பதிவு, வண்ணக் கலை இயக்கம், சிறப்புக் காட்சிகள் ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

பறக்கும் கம்பளம், பொறிக் குதிரை, குப்பியிலிருந்து கிளம்பும் பூதம் என்று எல்லா வித்தைகளும் இதில் உண்டு. பூதமாக ரெக்ஸ் இங்ராம் நடித்தார். அவருடைய பேருருவின் முன் இடுப்புத் துணியோடு நின்று தந்திரம் பேசும் சாபுவைப் பார்த்தால், இவ்வளவு செலவும் யாரை நம்பிச் செய்யப்பட்டது என்பது விளங்கும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. 1924-இல் டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் நடித்த இதே பெயர்கொண்ட மௌனப் படத்தில் திருடனே காதலன், இளவரசி அவனுக்கே. 1940-இல் அந்த ஒரே பாத்திரத்தை இரண்டாகப் பிளந்தார்கள். சாகசம் முழுவதும் திருடன் அபுவுக்கு. இளவரசி, அரியணை இரண்டும் ஜான் ஜஸ்டின் நடித்த மன்னன் அகமதுக்கு. முடிவில் அமைச்சர் பதவிக்காகப் படிக்கச் சொன்னதும் அபு கம்பளத்தில் ஏறிப் பறந்துவிடுகிறான். குழந்தைகளுக்கு அது மகிழ்ச்சியான முடிவு. ஆனால் வெள்ளையர் அல்லாத நாயகனுக்கு வீரம் தரலாம், காதல் தர வேண்டாம் என்ற அக்காலப் பட உலகின் கணக்கு சாபுவின் பெரும்பாலான படங்களில் தொடர்ந்தது. (எம்.ஜி.ஆரும் வைஜெயந்திமாலாவும் நடித்த ‘பாக்தாத் திருடன்’ 1960-இல் வந்தபோது நம்மவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை.)

டிஸ்னியின் ‘அலாதீன்’ (1992) படத்துச் சூழ்ச்சி அமைச்சரின் பெயரும் குரங்கின் பெயரும் இந்தப் படத்திலிருந்தே போனவை. சாபு நடித்த அபு, குரங்கின் பெயரானது சற்று உறுத்துகிறது.

அடுத்த ‘ஜங்கிள் புக்’ (1942) ஸோல்ட்டான் இயக்கியது, காட்டில் வளரும் சிறுவன் மௌக்ளியாகச் சாபு. ஒளிப்பதிவு, இசை உட்பட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. மிக்லோஷ் ரோஷாவின் இசையோடு சாபுவே கதை சொல்லும் ஒலித்தட்டும் வெளிவந்தது. படப் பின்னணி இசை தனியாக விற்பனைக்கு வந்த முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று.

யுனிவர்சல் ஸ்டூடியோவும் போரும்

கோர்டாவை விட்டு யுனிவர்சலுக்குப் போனதும் சாபுவின் இடம் ஒரு படி இறங்கியது. ‘அரேபியன் நைட்ஸ்’ (1942), ‘ஒயிட் சாவேஜ்’ (1943), ‘கோப்ரா வுமன்’ (1944) மூன்றிலும் நாயகி மரியா மான்டெஸ், நாயகன் ஜான் ஹால். சாபு நாயகனின் துடுக்கான தோழன். வண்ணமும் ஆடம்பர அரங்கும் நிறைந்த, போர்க்காலக் கவலையை மறக்கடிக்கும் படங்கள். நன்றாக ஓடின. நடிப்புக்கு அவற்றில் அதிக வேலை இல்லை.

1944 ஜனவரி 4 அன்று அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார். இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று பகத் சிங் திந்த் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923-இல் தீர்ப்பளித்திருந்தது. பொதுவாக இந்தியர்களுக்கு அந்தக் கதவைத் திறந்த சட்டம் 1946-இல்தான் வந்தது. போர்க்காலத்தில் வானூர்திப் படையில் சேர்ந்த சாபு, பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பசிபிக் களத்தில் பல டஜன் தாக்குதல்களுக்குப் பறந்தார். சிறப்புப் பறப்புச் சிலுவை விருது அவருக்குக் கிடைத்தது. திரையில் கம்பளத்தில் பறந்தவர் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

‘பிளாக் நார்சிஸஸ்’

போர் முடிந்து வந்த படங்களில் முதலிடம் இதற்கு. ரூமர் காடன் எழுதிய நாவலை மைக்கேல் பவலும் எமரிக் பிரஸ்பர்கரும் 1947-இல் படமாக்கினார்கள். இமயமலையில் கன்னியர் மடம் நிறுவ வந்த ஆங்கிலேயத் துறவியரின் கதை. ஆனால் இந்தியாவில் ஒரு காட்சிகூட எடுக்கப்படவில்லை. மலைச் சிகரங்கள் கண்ணாடியில் தீட்டியவை. மீதி பைன்வுட் ஸ்டூடியோவும் சசெக்ஸின் ஒரு தோட்டமும். பவல் படங்களிலேயே கண்ணுக்கு விருந்தானது இதுதான் என்பார்கள். ஜாக் கார்டிஃபின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

சாபு இதில் இளம் தளபதி. பட்டாடையும் நகையும் அணிந்து, அத்தர் மணக்க மடத்துக்குப் பாடம் கற்க வருகிறான். படத்தின் தலைப்பே அந்த அத்தரின் பெயர்தான். காஞ்சி என்ற ஏழைப் பெண்ணோடு அவனுக்குக் காதலும் உண்டு. காஞ்சியாக நடித்தவர் நிறம் பூசிய ஜீன் சிம்மன்ஸ். முழு உடையில், தன்னைத்தானே கொஞ்சம் கேலி செய்துகொள்ளும் நகைச்சுவையோடு சாபு நடித்த அரிய பாத்திரம் இது. இந்தத் திசையில் அவரை வளர்க்க யாரும் முன்வரவில்லை.

இறங்குமுகம்

காட்டுப் பையனுக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது. அவருக்காகக் கதை எழுதியவர்களுக்கு அது தெரியவில்லை. ‘மேன்-ஈட்டர் ஆஃப் குமாவோன்’ (1948), ‘சாங் ஆஃப் இந்தியா’ (1949), ‘சாவேஜ் டிரம்ஸ்’ (1951) என்று பட்ஜெட் சுருங்கிக்கொண்டே போனது. 1951–52 குளிர்காலத்தில் லண்டன் ஹாரிங்கே அரங்கில் சர்க்கஸில் யானையோடு தோன்றினார். இத்தாலியில் விட்டோரியோ டி சிகாவுடன் ‘புவோன்ஜோர்னோ எலிஃபாந்தே’ (1952) படத்தில் நடித்தார். பெயரிலேயே யானை.

இந்தியாவிலிருந்து ஒரு வாய்ப்பு நெருங்கி வந்தது. மெஹபூப் கான் ‘மதர் இந்தியா’வைத் திட்டமிட்டபோது அடங்காத மகன் பிர்ஜுவாக முதலில் நினைத்தது சாபுவை. வேலை அனுமதி கிடைக்காததே தடையாயிற்று என்று சொல்லப்படுகிறது. 1957-இல் வந்த படத்தில் அந்த இடம் சுனில் தத்துக்குப் போனது. சாபு அதே ஆண்டு ‘சாபு அண்ட் த மேஜிக் ரிங்’ என்ற சிறு படத்தில், முப்பத்து மூன்று வயதில், மந்திர மோதிரம் கிடைத்த யானைக் கொட்டாரப் பையனாக நடித்துக்கொண்டிருந்தார்.

குடும்பமும் மறைவும்

‘சாங் ஆஃப் இந்தியா’ படத்தில் உடன் நடித்த மரிலின் கூப்பரை 1948 அக்டோபரில் மணந்தார். மகன் பால் சாபு பின்னர் ராக் இசைக் கலைஞரானார். மகள் ஜாஸ்மின் படங்களுக்குக் குதிரை பழக்கும் தொழிலில் இருந்து 2001-இல் காலமானார். அண்ணன் ஷேக் தஸ்தகீர் லாஸ் ஏஞ்சலிஸில் தளவாடக் கடை நடத்தினார். 1960-இல் கொள்ளை முயற்சி ஒன்றில் கொல்லப்பட்டார். கொட்டாரத்திலிருந்து கூடவே வந்த ஒரே உறவு அது.

ராபர்ட் மிட்சமுடன் ‘ராம்பேஜ்’ (1963) படத்தில் வேட்டை வழிகாட்டியாக வந்தார். டிஸ்னியின் ‘எ டைகர் வாக்ஸ்’ படத்தில் புலி பழக்குபவர் வேடம். அது திரைக்கு வரும் முன்பே, 1963 டிசம்பர் 2 அன்று, லாஸ் ஏஞ்சலிஸின் சாட்ஸ்வர்த் பகுதியில் மாரடைப்பால் இறந்தார். நாற்பது நிறைய இரண்டு மாதம் இருந்தது. அமெரிக்கா கென்னடியின் கொலையிலிருந்து மீளாத நாட்கள் அவை. ஹாலிவுட் ஹில்ஸில் உள்ள ஃபாரஸ்ட் லான் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

பின்வந்தவர்கள்

ஹாலிவுட் நடைபாதையில் 1960-இல் பதித்த நட்சத்திரம் ஒன்று சாபு பெயரில் உள்ளது. பாடகர் ஜான் பிரைன், படத்தை விளம்பரப்படுத்தக் குளிர் ஊர்களுக்குத் தனியே அனுப்பப்படும் சாபுவை வைத்து 1978-இல் ஒரு பாட்டே எழுதினார்.

அவருக்குப் பின் ஐ. எஸ். ஜோஹர், இத்தாலியில் ‘சாண்டோகான்’ தொடரால் புகழ்பெற்ற கபீர் பேடி, சயீத் ஜாஃப்ரி, ஓம் புரி, இர்ஃபான் கான் ஆகியோர் மேல்நாட்டுப் படங்களில் இடம் பிடித்தார்கள். சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் ‘ஆக்டோபஸி’யில் (1983) வந்தார், தனுஷ் ‘த கிரே மேன்’ (2022) படத்தில் கூலிக் கொலையாளியாக வந்தார். இவர்கள் அனைவரும் வயது வந்தபின் போனவர்கள். சாபுவுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடியவர் சூரஜ் சர்மா ஒருவரே. நடிப்பு அனுபவமே இல்லாத பதின்வயதுப் பையனாக, ‘லைஃப் ஆஃப் பை’ (2012) படத்தில் புதுச்சேரிச் சிறுவனாகப் புலியோடு படகில் ஏறியவர். அந்தப் புலியில் பெரும்பகுதி கணினியில் பிறந்தது. ‘எலிஃபண்ட் பாய்’ படத்தில் சாபு ஏறி அமர்ந்த ஐராவதமோ மைசூர் மகாராஜாவின் கொட்டாரத்து நிஜ யானை.