கிரேட் காளி

கிரேட் காளி (இயற்பெயர் தலீப் சிங் ராணா, பிறப்பு: ஆகஸ்ட் 27, 1972) ஓய்வுபெற்ற தொழில்முறை மல்யுத்த வீரர். இமாச்சலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில் திராயினா என்னும் சிற்றூரில் பிறந்தவர். 2014இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ-யின் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்ற முதல் இந்தியர் இவரே.

அவரது வாழ்வைத் தீர்மானித்தது அக்ரோமெகலி என்ற நோய். பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி உண்டாகி வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பதால் கை, கால், தாடை எல்லாம் அளவுக்கு மீறிப் பெருக்கும். காளியின் உயரம் 7 அடி 1 அங்குலம் என்று அறிவிக்கப்பட்டது. எடை ஏறத்தாழ 190 கிலோ. சிம்லாவில் காவலாளியாக இருந்தவரைப் பஞ்சாப் காவல்துறை அதிகாரி ஒருவர் கண்டு, 1993இல் துறையில் சேர்த்தார்.

2000இல் கலிபோர்னியாவில் 'ஜெயன்ட் சிங்' என்ற பெயரில் முதன்முதலாக மோதினார். 2001இல் அவருடன் பயிற்சி செய்த மாணவர் ஒருவர் தலைக்காயத்தால் இறந்தார்; வழக்கில் பயிற்சி நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பானது. பிறகு சில ஆண்டுகள் ஜப்பானில் விளையாடினார்.

2006 ஏப்ரலில் டபிள்யூடபிள்யூஇ-யில் நுழைந்த அன்றே அதன் நட்சத்திர வீரர் அண்டர்டேக்கரை அடித்து வீழ்த்தினார்; மறுமாதம் 'ஜட்ஜ்மென்ட் டே' போட்டியில் முறைப்படியே வென்றார். இவ்வகை ஆட்டங்களில் வெற்றி தோல்வி முன்பே எழுதி வைக்கப்படுவது. ஆனாலும் அண்டர்டேக்கரைப் புதியவர் ஒருவரிடம் தோற்க வைப்பது நிறுவனம் எளிதில் எடுக்கும் முடிவல்ல. காளியிடம் இருந்தவை இரண்டே ஆயுதங்கள்: வலக்கையை ஓங்கி எதிராளியின் உச்சந்தலையில் இறக்கும் வெட்டு, தலையை இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து நெரிக்கும் பிடி. முழங்கால் மடங்க மறுக்கும், நடை மந்தம். மல்யுத்தக்காரராக அவர் சுமார்தான். காட்சிப் பொருளாக அவருக்கு நிகரில்லை.

அப்போதைய சாம்பியன் எட்ஜ் காயத்தால் பட்டத்தைத் துறந்ததும், 2007 ஜூலையில் 20 பேர் மோதிய ஆட்டத்தில் வென்று காளி உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். இரண்டு மாதத்தில் பாடிஸ்டா என்ற வீரரிடம் அதை இழந்தார். அந்த ஆண்டுகளில்தான் டென் ஸ்போர்ட்ஸ் வழியாகத் தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கும் அவர் அறிமுகமானார். ஜேடர்பாளையம் போன்ற காவிரிக்கரை ஊர்ப் பையன்கள் மல்யுத்த வீரர்களின் அளவுகளை ஒப்பிட்டு ஆடும் டிரம்ப் கார்டில் உயரம், எடை என்று கேட்டுவிட்டால், காளி அட்டையைக் கையில் வைத்திருப்பவன் பாடு யோகம்தான்.

பின்னர் நிறுவனம் அவரை நகைச்சுவைப் பாத்திரமாக்கியது. அது வீண்தான்; ராட்சதனுக்கு அஞ்சப் பழகிய ரசிகர் அவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய பிறகு பழைய மதிப்பு திரும்பவில்லை. 2010-11இல் 'பிக் பாஸ்' இந்தி நிகழ்ச்சியில் இரண்டாமிடம் பெற்றார். 2012 ஜூலையில் பிட்யூட்டரிக் கட்டி அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டது. 2014இல் டபிள்யூடபிள்யூஇ ஒப்பந்தம் முடிந்து வெளியேறினார். 2017, 2018இல் ஓரிரு முறை மட்டும் அங்கு தலைகாட்டினார். 2021இல் அந்நிறுவனத்தின் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கிடைத்தது. 2022 பிப்ரவரியில் பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்தார்.

2015இல் ஜலந்தரில் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் பயின்ற கவிதா தேவி, 2017இல் டபிள்யூடபிள்யூஇ வளையத்தில் மோதிய முதல் இந்தியப் பெண் ஆனார்.