நகல் விரைவுத் தானுந்து உற்பத்தியாளர்களின் கூட்டாண்மை முறிவுகள்

நகல் விரைவுத் தானுந்து என்பது, உற்பத்தி நின்றுபோன புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் உருவத்தைப் பின்பற்றிப் பிற்காலத்தில் கட்டப்படும் தானுந்து ஆகும். மூல நிறுவனத்தின் உரிமையையோ பழைய கருவிகளையோ பெற்று அதே வண்டியைத் தொடர்ந்து கட்டுவது தொடர் உற்பத்தி எனப்படும். உரிமை எதுவும் பெறாமல் உருவத்தை மட்டும் பின்பற்றுவது நகல் உற்பத்தி எனப்படும். நடைமுறையில் இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோடு பலமுறை நீதிமன்றங்களில் வாதிக்கப்பட்டுள்ளது.

இத்தொழிலில் ஈடுபடும் நிறுவனங்கள் பெரும்பாலும் சிறியவை. எனவே அவை பெயர், இயந்திரம், முதலீடு ஆகியவற்றுக்குப் பிறரைச் சார்ந்து கூட்டுச் சேர்கின்றன. இக்கூட்டுகள் முறியும்போது, வண்டியின் பெயர் யாருக்கு உரியது என்பதே பெரும்பாலும் தலையாய பிணக்காக அமைகிறது. ஏசி கோப்ரா, லோட்டஸ் செவன் ஆகிய இரு பிரித்தானியத் தானுந்துகளின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

ஏசி கோப்ராவின் தோற்றம்

ஏசி கார்ஸ் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் உள்ள டேம்ஸ் டிட்டனில் இயங்கிய சிறிய நிறுவனம் ஆகும். 1953இல் அது ஏஸ் என்னும் இலகுவான திறந்த தானுந்தை அறிமுகப்படுத்தியது. அதற்குப் பயன்பட்டு வந்த பிரிஸ்டல் இயந்திரத்தின் உற்பத்தி 1961இல் நின்றது. 1959ஆம் ஆண்டு லே மான் பந்தயத்தில் வென்றவரான அமெரிக்கர் கரோல் செல்பி, அமெரிக்க வி-8 இயந்திரத்தை ஏஸ் வண்டியில் பொருத்தலாம் என்று ஏசி நிறுவனத்துக்கு எழுதினார். இயந்திரம் தர ஃபோர்டு நிறுவனம் உடன்பட்டது. 1962இல் கோப்ரா பிறந்தது.

இம்முத்தரப்பு ஏற்பாட்டில் அடிச்சட்டமும் உடற்கூடும் ஏசியிடமிருந்து வந்தன. இயந்திரமும் பண உதவியும் ஃபோர்டிடமிருந்து வந்தன. வண்டியை முழுமையாக்குதலும் பந்தயமும் செல்பியின் பொறுப்பாயின. 1967 வரை ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் கட்டப்பட்டன. ஏற்பாடு முடிவுக்கு வந்தபோது கோப்ரா என்னும் பெயர் ஃபோர்டின் வசம் இருந்தது. அதனால் அதே வகை வண்டியை ஏசி நிறுவனம் பிரித்தானியாவில் ஏசி 289 என்ற பெயரிலேயே விற்றது. உருவம், கருவிகள், பெயர், புகழ் ஆகியவை பல கைகளில் பிரிந்து கிடந்த இந்நிலையே பிற்காலப் பிணக்குகள் பலவற்றுக்கு வித்திட்டது.

ஆட்டோகிராஃப்ட் – ஃபோர்டு கூட்டு

பிரையன் ஆங்லிஸ் என்பவர் நிறுவிய சி. பி. ஆட்டோகிராஃப்ட், 1970களில் பழைய கோப்ராக்களைச் சீர்செய்தும் அவற்றுக்கு உதிரிப்பாகங்கள் செய்தும் வந்தது. பின்னர் ஏசி நிறுவனத்திடமிருந்து மூலக் கருவிகளைப் பெற்று, 1980களின் தொடக்கத்தில் மார்க் IV என்னும் தொடர் உற்பத்தி வண்டியை வெளியிட்டது. கோப்ரா என்னும் பெயர் ஃபோர்டுக்கு உரியதாக இருந்தமையால், இது ஏசி மார்க் IV என்றே அழைக்கப்பட்டது.

1987இல் ஆங்லிசும் ஃபோர்டும் இணைந்து, ஏசியை நெடுங்காலம் நடத்திய ஹர்லாக் குடும்பத்தினரிடமிருந்து அந்நிறுவனத்தைப் பெற்றனர். பெரும்பான்மைப் பங்கு ஃபோர்டிடம் இருந்தது. ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்தின் பெரும்பங்கை ஃபோர்டு வாங்கியதும் அதே ஆண்டில்தான். ஏசிக்காக புரூக்லேண்ட்சில் புதிய தொழிற்சாலை அமைந்தது. 1986இல் முன்மாதிரியாகக் காட்டப்பட்ட புதிய ஏஸ் வண்டியை உற்பத்திக்குக் கொண்டுவருவதே கூட்டின் முதன்மை நோக்கமாக இருந்தது.

நிறுவனம் எத்திசையில் செல்ல வேண்டும் என்பதில் இரு தரப்பும் வேறுபட்டன. பிணக்கு 1992இல் தீர்ந்தது. ஃபோர்டு விலக, ஆங்லிஸ் முழு உரிமையும் பெற்றார். அவர் தனியாகவே முடித்த புதிய ஏஸ் 1993இல் விற்பனைக்கு வந்தது. ஆனால் ஐம்பது வண்டிகள் அளவிலேயே கட்டப்பட்டன. பெருநிறுவனத்தை நம்பித் திட்டமிட்ட செலவைச் சிறுநிறுவனம் தனித்துச் சுமக்க நேர்ந்தது. 1996இல் நிறுவனம் கடன்கொடுத்தோர் சார்பிலான சொத்துப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பிரைடு ஆட்டோமோட்டிவ் குழுமம் அதை வாங்கியது.

பிற்கால ஏசி கூட்டுகள்

2003இல் கரோல் செல்பி இன்டர்நேசனல் நிறுவனமும் ஏசி மோட்டார் ஹோல்டிங்சும் இணைந்து, செல்பி ஏசி கோப்ராவை மீண்டும் கட்டப்போவதாக அறிவித்தன. இக்கூட்டு நிலைக்கவில்லை. ஏசியின் உற்பத்தி மால்டாவுக்கு மாற்றப்பட்டுப் பின் அங்கும் நின்றது. 2009இல் செருமனியின் கல்விங் நிறுவனத்துடன் இணைந்து மார்க் VI என்னும் வண்டி அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஏசி என்னும் பெயர் தொடர்ந்தது. கட்டும் இடமும் கூட்டாளியும் மாறினர்.

செல்பியும் நகல் நிறுவனங்களும்

கோப்ராவின் உருவம் உலகில் மிகுதியாக நகலெடுக்கப்பட்ட தானுந்து உருவங்களுள் ஒன்றாகும். மூல வண்டியின் உடல் அலுமினியத் தகட்டால் ஆனது. நகல்கள் பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனவை. முழு உடற்கூட்டிலிருந்து ஓர் அச்சை எடுத்துவிட்டால் அதைக் கொண்டு பல உடல்களை வார்க்கலாம். இதனால் குறைந்த முதலுடன் பலர் இத்தொழிலில் இறங்க முடிந்தது.

1995இல் அமெரிக்காவின் மாசசூசெட்சில் தொடங்கப்பட்ட ஃபேக்டரி ஃபைவ் ரேசிங், வாங்குவோரே பூட்டிக்கொள்ளும் உதிரித் தொகுதியாக வண்டியை விற்றது. இயந்திரம் உள்ளிட்ட பாகங்களைப் பழைய ஃபோர்டு முஸ்டாங் ஒன்றிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். செல்பி தரப்பு இந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2002இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கோப்ரா முதலிய பெயர்களைத் தன் வண்டிகளுக்குப் பயன்படுத்துவதில்லை என்று அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. வண்டிகளின் உற்பத்தி நிற்கவில்லை.

சூப்பர்ஃபார்மன்ஸ் என்னும் பெயரில் விற்கப்பட்ட கோப்ரா வகை வண்டிகள், அன்று போர்ட் எலிசபெத் என வழங்கிய தென்னாப்பிரிக்க நகரில் கட்டப்பட்டவை. அவற்றின் மீதும் செல்பி வழக்குத் தொடுத்தார். ஆனால் இப்பிணக்கு வேறு வகையில் முடிந்தது. பின்னாளில் சூப்பர்ஃபார்மன்ஸ் செல்பியின் உரிமம் பெற்ற உற்பத்தியாளர் ஆயிற்று. முறிவு கூட்டாகவும் மாறலாம் என்பதற்கு இது சான்றாகும்.

லோட்டஸ் செவனும் கேட்டரமும்

லோட்டஸ் செவன் 1957 முதல் கட்டப்பட்ட மிக எளிய இரு இருக்கைத் தானுந்து ஆகும். 1973இல் லோட்டஸ் அதைக் கைவிட முடிவு செய்தபோது, அதன் விற்பனையாளராக இருந்த கேட்டரம் கார்ஸ் உற்பத்தி உரிமையைப் பெற்றது. லோட்டஸ் என்னும் பெயர் மட்டும் மாற்றப்படவில்லை. 1982இல் தொடங்கிய வெஸ்ட்ஃபீல்டு நிறுவனம் செவனை ஒத்த வண்டியை விற்றபோது கேட்டரம் வழக்குத் தொடுத்தது. 1980களின் பிற்பகுதியில் சமரசம் ஏற்பட்டது. வெஸ்ட்ஃபீல்டு தன் வண்டியின் வடிவமைப்பை மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தது.

2011இல் மலேசியத் தொழிலதிபர் டோனி பெர்னாண்டஸ் கேட்டரம் நிறுவனத்தை வாங்கினார். 2012 நவம்பரில் கேட்டரமும் பிரான்சின் ரெனோ நிறுவனமும் சம பங்குடன் கூட்டு நிறுவனம் ஒன்றை அறிவித்தன. பிரான்சின் தியெப் நகரிலுள்ள ஆல்பைன் தொழிற்சாலையில், ஒரே அடிப்படையிலிருந்து ஆல்பைன், கேட்டரம் ஆகிய இரு பெயர்களுக்கும் வண்டிகள் கட்டுவது திட்டம். 2014இல் கேட்டரமின் பங்கை ரெனோ வாங்கிக்கொள்ள, கூட்டு முடிந்தது. 1960களின் ஏ110ஐ நினைவூட்டும் புதிய ஆல்பைன் ஏ110 2017இல் வெளிவந்தது. கேட்டரம் பெயரில் வரவேண்டிய வண்டி வெளிவரவில்லை. 2021இல் சப்பானின் விடி ஹோல்டிங்ஸ் கேட்டரமை வாங்கியது. செவன் வகை வண்டியின் உற்பத்தி இம்மாற்றங்கள் அனைத்தையும் கடந்து தொடர்ந்தது.

முறிவுக்கான காரணங்கள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து பின்வரும் காரணங்களைத் தொகுத்துக் கூறலாம்.

1. சொத்து பிரிந்து கிடத்தல்: அச்சும் கருவிகளும் ஒருவரிடமும் பெயர் மற்றொருவரிடமும் இருக்கும்போது, ஒருவர் விலகினாலும் முழு வண்டி எவருக்கும் கிடைப்பதில்லை.

2. நோக்க வேறுபாடு: பெயர்பெற்ற பழைய வண்டியையே தொடர்ந்து கட்டினால் வருவாய் உறுதி. புதிய வண்டியை உருவாக்கப் பெருஞ்செலவு ஆகும். இவற்றுள் எதற்கு முதலிடம் என்பதில் கூட்டாளிகள் பிரிகின்றனர்.

3. அளவு வேறுபாடு: பெருநிறுவனத்துக்குச் சிறு முதலீடாக இருப்பது, சிறுநிறுவனத்துக்கு முழு வாழ்வாதாரமாக இருக்கும். எனவே விலகலின் சுமை இரு தரப்புக்கும் சமமாக விழுவதில்லை.

4. எளிதில் நகலெடுக்கக்கூடிய தன்மை: கண்ணாடியிழை அச்சைக் கொண்டு எவரும் தொழில் தொடங்கலாம் என்பதால், பெயரைக் காப்பதைத் தவிர உரிமையாளருக்கு வேறு வலுவான அரண் குறைவு.

நிறுவனம் வீழும்போது, முன்பணம் செலுத்திய வாடிக்கையாளரும் பாதிப்புறுகின்றனர். பாதி பூட்டிய வண்டிக்கு உரிய பாகமும், பதிவுக்குத் தேவையான ஆவணமும் எங்கிருந்து கிடைக்கும் என்பது அவர்களுக்குச் சிக்கலாகிறது.

சட்டநிலை

2015 திசம்பரில் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டம், சிறு உற்பத்தியாளர்கள் ஆண்டுக்கு 325 வரையிலான நகல் தானுந்துகளை முழுமையாகக் கட்டி விற்க வழிவகுத்தது. இதற்கான விதிகளை அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு பின்னர் வெளியிட்டது. குறைந்தது 25 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வண்டியின் உருவத்தையே நகலெடுக்கலாம். அவ்வுருவத்துக்குரிய அறிவுசார் உரிமையை வைத்திருப்போரிடம் உரிமமும் பெற வேண்டும். ஆகவே இச்சலுகையைப் பெற விரும்பும் நிறுவனத்துக்குப் பெயர் உரிமையாளருடனான உறவு சட்டத் தேவையாகவே ஆகிவிட்டது. அவ்வுறவு முறிந்தால் உற்பத்தி அனுமதியும் கேள்விக்குள்ளாகும்.

இவற்றையும் பார்க்கவும்

ஏசி கார்ஸ்
கரோல் செல்பி
லோட்டஸ் செவன்
வணிகக் குறி
கூட்டாண்மை