மதுரையும் கொழும்பும்: ஒரு வழியின் வரலாறு

மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 415 கிலோமீட்டர். கொழும்பை அடுத்த கட்டுநாயக்க நிலையமோ சுமார் 350 கிலோமீட்டர்தான். மாநிலத் தலைநகரைவிடக் கடல் கடந்த நகரமே மதுரைக்குப் பக்கம். விமானம் ஒரு மணி நேர அளவில் அங்கே போய் இறங்கிவிடுகிறது.

இந்த நெருக்கம் பழையது. இலங்கையின் முதல் மன்னனாகச் சொல்லப்படும் விசயனுக்கு மதுரையிலிருந்து பாண்டிய இளவரசி மணமகளாகச் சென்றதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் கூறுகிறது. 12ஆம் நூற்றாண்டில், பாண்டிய அரியணைப் போட்டியில் தலையிட்ட இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் படை இராமேசுவரம் வழியாக மதுரை வரை வந்தது.

பெருந்திரளான மக்கள் இவ்வழியே போகத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகின. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து, தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். கடற்கரை வரை நடை, பிறகு தோணி, மன்னார்க் கரையில் இறங்கியபின் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மீண்டும் காட்டுவழி நடை. தண்ணீரும் நிழலும் அரிதான அந்தப் பாதையில் காலராவும் காய்ச்சலும் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயின. மதுரை–இலங்கைத் தொலைவு பற்றிய எந்தக் கணக்கும் இப்படி நடந்து போனவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

1875இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது. அடுத்த ஆண்டே தூத்துக்குடி வரை நீண்டது. அங்கிருந்து நீராவிக் கப்பல் ஏறினால் ஓர் இரவுப் பயணத்தில் கொழும்பு. 1902இல் மதுரையிலிருந்து மண்டபத்துக்கும் பாதை போடப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னார் வரை சுமார் 35 கிலோமீட்டர் கப்பல், பிறகு கொழும்பு வரை மறுபடி ரயில் என்ற தொடர் அமைந்தது. மக்கள் அதைப் போட் மெயில் என்றார்கள். ஒரே பயணச்சீட்டில் கடலையும் கடக்க முடிந்தது.

அந்த வேகம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர்கள் தூத்துக்குடி அருகே தட்டப்பாறையிலும், பின்னாளில் மண்டபத்திலும் நோய்த்தடுப்பு முகாம்களில் பல நாள் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். வசதி படைத்த பயணி கொழும்பு சேர்ந்த பிறகும் அவர்கள் இக்கரையிலேயே காத்துக் கிடந்தார்கள்.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து அங்கே சென்ற ரயிலும் பயணிகளோடு கடலுக்கு இரையானது. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. 1980களில் இலங்கை இனப்போர் மூண்டதும் அதுவும் நின்றது. அதன்பின் கொழும்பு செல்ல வேண்டிய மதுரைக்காரர் முதலில் வடக்கே திருச்சிக்கோ சென்னைக்கோ போய் விமானம் ஏற வேண்டியிருந்தது. தெற்கே போவதற்காக வடக்கே போன காலம் அது.

போர் முடிந்தபின் 2011இல் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் மீண்டும் தொடங்கி, சில மாதங்களிலேயே நின்றுபோனது. மதுரை விமான நிலையத்தில் 2010 செப்டம்பரில் புதிய முனையம் திறக்கப்பட்டிருந்தது. 2012 செப்டம்பர் 20 அன்று அங்கிருந்து முதல் பன்னாட்டு விமானம் கொழும்புக்குப் பறந்தது. அக்கரையில் போரில் சிதைந்த தலைமன்னார் ரயில் பாதை 2015இல் சீரமைக்கப்பட்டது. இக்கரையில் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் ஓடிய கப்பல் மட்டும் இன்னும் திரும்பவில்லை.