'செக்' என்னும் சொல்லின் சரித்திரம்

ஆங்கில அகராதியில் 'செக்' என்னும் பதத்தைத் தேடுகிறவர், ஒன்றோடொன்று சிறிதும் ஒட்டாதனபோலத் தோன்றும் பல அர்த்தங்களை அங்கே அடுத்தடுத்துக் காண்பார். சதுரங்கத்தில் அரசனுக்கு நேரும் ஆபத்து, ஓடுவதைத் தடுத்து நிறுத்துதல், கணக்கைச் சரிபார்த்தல், துணியில் நெய்த கட்டங்கள், பாங்கியின்மீது எழுதும் பணச்சீட்டு, அமெரிக்க உணவு விடுதியில் உண்டபின் வரும் பில் என்று அவை விரிந்துகொண்டே போகும். ஒரே ஓசையுடைய வெவ்வேறு சொற்கள் தற்செயலாக ஓரிடத்தில் கூடிவிட்டன என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் இவையனைத்தும் ஒரே மூலத்தினின்றும் கிளைத்தவை என்பதும், அம்மூலம் ஓர் ஆட்டத்தில் எழுப்பப்பட்ட எச்சரிக்கைக் குரல் என்பதும் சொல்லாராய்ச்சியாளர் நிறுவிய உண்மைகளாகும்.

யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைச் சேனையால் பெயர் பெற்ற சதுரங்கம் பாரத நாட்டினின்றும் பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று. அங்கிருந்து அரேபியரை அடைந்து 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. எதிரியின் அரசனைத் தாக்கும் நிலையில் காயை வைத்தவன், அதை மறைக்காமல் 'ஷா' என்று கூறுவது வழக்கம். பாரசீகத்தில் 'ஷா' என்பது அரசனைக் குறிக்கும். அதன் பழைய வடிவம் வடமொழியின் க்ஷத்திரம், க்ஷத்திரியன் என்னும் சொற்களோடு உறவுடையது. ஆட்டம் முடியுங்கால் கூறும் 'ஷா மாத்' என்பதற்கு, அரபு வினையொன்றைத் துணைக்கொண்டு 'அரசன் இறந்தான்' என்று பலர் பொருள் உரைப்பர். 'அரசன் செய்வதறியாது நின்றான்' என்னும் பாரசீகப் பொருளே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஏனெனில் சதுரங்கத்தில் அரசன் ஒருபோதும் வெட்டப்படுவதில்லை, போக்கிடமின்றி அடைபட்டு நிற்பதோடு ஆட்டம் ஓய்கிறது.

இச்சொல் மத்தியகால லத்தீனில் 'ஸ்காக்கஸ்' என்றும், பழைய பிரெஞ்சில் 'எஷெக்' என்றும் திரிந்து ஆங்கிலத்துள் நுழைந்தது. பன்மை வடிவம் ஆட்டத்தின் பெயராகிய 'செஸ்' ஆகவும், ஒருமை வடிவம் 'செக்' ஆகவும் நிலைத்தன. 14ஆம் நூற்றாண்டில் சாஸர், 'டச்சஸின் புத்தகம்' என்னும் தம் இரங்கற் காவியத்தில், மனைவியை இழந்த வீரன் விதியோடு சதுரங்கம் ஆடித் தோற்றதாகப் பாடும்போது இவ்வாட்டச் சொற்களைத் துயரத்தின் மொழியாகவே ஆள்கிறார். தடுத்தல், இடையில் நிறுத்துதல் என்னும் பொருள்களும் அந்நூற்றாண்டிலேயே வழக்குக்கு வந்துவிட்டன. இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு: ஆட்டத்தில் 'செக்' என்பது வீழ்ச்சியன்று, மறுமொழி கூறியாக வேண்டும் என்னும் அறைகூவல். அரசன் விலகவேண்டும், அல்லது இடையே ஒரு காயை வைக்கவேண்டும், அல்லது தாக்கிய காயை வெட்டவேண்டும். பிற்காலப் பொருள்கள் பலவற்றிலும் இந்தக் கருத்தே உள்ளுறைந்து நிற்கிறது என்பது என் துணிபு.

இச்சொற்குடும்பத்தின் மற்றொரு கிளை அரசாங்கப் பொக்கிஷத்துள் புகுந்த வரலாறு தனிச் சிறப்புடையது. சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் 'ஸ்காக்காரியம்' என்று பெயர். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றி காலத்து இங்கிலாந்தில், அரசிறைக் கணக்குப் பார்க்கும் சபைக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. 'எக்ஸ்செக்கர்' என்பது அதன் திரிபு. பொக்கிஷ அதிகாரியாக இருந்து பின்னர் லண்டன் மாநகரின் பிஷப்பான ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல், 1170களின் இறுதியில் இச்சபையைப் பற்றி ஆசிரியனும் மாணாக்கனும் உரையாடும் முறையில் ஒரு நூல் இயற்றினார். பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேஜை, காய்கள் வழுவாதபடி நான்கு விரற்கடை உயர்ந்த விளிம்பு, அதன்மேல் ஓரடியோ ஒரு சாணோ இடைவிட்டுக் கோடுகள் இட்ட கருந்துணி என்று அனைத்தையும் அவர் விவரிக்கிறார். ரோமானிய எண்களைக்கொண்டு எழுத்தில் கூட்டலும் கழித்தலும் செய்வது எளிதன்று. ஆதலால் பென்னி, ஷில்லிங், பவுன் என்று பத்திகள் வகுத்து, அவற்றில் வில்லைகளை வைத்தும் எடுத்தும் ஷெரீபுகள் செலுத்தவேண்டியதையும் செலுத்தியதையும் கணித்தனர். பெயர்க் காரணத்தை மாணாக்கன் வினவ, பலகையின் வடிவ ஒப்புமையை முதலில் கூறும் ஆசிரியன், அதனோடு அமையாமல், பொக்கிஷ அதிகாரிக்கும் ஷெரீபுக்கும் இடையே அங்கு ஒரு போரே நடைபெறுகிறது என்றும் கூறுகிறான். இந்த இரண்டாம் விளக்கம், கணக்குக் கேட்டலும் ஓர் அறைகூவலே என்பதை எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே உணர்ந்த ஒருவரின் வாக்கு என்பதால் பெரிதும் போற்றத்தக்கது. பிரிட்டிஷ் நிதியமைச்சர் இன்றளவும் 'எக்ஸ்செக்கரின் சான்ஸலர்' என்றே அழைக்கப்படுகிறார். கட்டம் போட்ட துணிக்கு வழங்கும் பெயரும் இப்பலகை வழி வந்ததே.

பாங்கிச் சீட்டுக்கு வருவோம். அதன் பெயர் எக்ஸ்செக்கரினின்றும் நேரே பிறந்தது என்பது பரவலான எண்ணம். அது பாதியளவே உண்மை. லண்டனில் கிளேட்டன், மோரிஸ் என்னும் கூட்டாளிகள்மீது 400 பவுனுக்கு எழுதப்பட்ட, 1659ஆம் ஆண்டுத் தேதியிட்ட சீட்டு இன்றும் உள்ளது. ஆனால் இத்தகைய சீட்டுகளுக்கு அக்காலத்தில் 'செக்' என்ற பெயர் இல்லை. சரிபார்த்தல் என்னும் பொருள் 17ஆம் நூற்றாண்டில் வேரூன்றியபின், மோசடியைத் தடுக்கும்பொருட்டுக் கிழித்து வைத்துக்கொள்ளும் அடிக்கட்டைக்கே, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்பெயர் முதலில் வழங்கியது. தடுத்தல், சரிபார்த்தல் என்னும் இரு பொருள்களும் அந்தச் சிறு காகிதத்தில் ஒன்று கூடின. பிறகு அடிக்கட்டையின் பெயர் முழுச்சீட்டுக்கும் ஏறியது. எக்ஸ்செக்கரின் செல்வாக்கு இதன் எழுத்துக்கூட்டலில் மட்டுமே உண்டு: 'கியூ' என்னும் எழுத்திட்டு எழுதும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலைபெற, அமெரிக்கர் பழைய எழுத்தையே விடாது கொண்டனர். ஒன்றையொன்று தடுத்து நிறுத்தும் அதிகாரங்களாக அரசைப் பகுக்கும் 1787ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தைப் பற்றிப் பேசும்போதும் அவர்கள் ஆள்வது இதே சொல்லைத்தான்.

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இச்சீட்டுக்கு இந்தியாவில் இலக்கணம் வகுத்தது. 'காசோலை' என்னும் அழகிய ஆக்கம் அச்சிலும் அலுவலகத்திலும் வழங்கினும், பேச்சில் 'செக்' மறையவில்லை. செக் எழுதுகிறோம், கணக்கைச் செக் பண்ணுகிறோம், வழியில் செக்போஸ்ட் நிற்கிறது, அரசியல் தலைவர் ஒருவர் மற்றவருக்குச் 'செக் வைத்தார்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. ஆங்கிலேயர் எழுத்தால் பிரித்துவைத்தவற்றைத் தமிழ் எழுத்து ஒரே வடிவில் எழுதுகிறது. இப்பொருள்களைத் தமிழகராதி தொகுப்போர் எண்ணிட்ட வெவ்வேறு சொற்களாகப் பிரிக்காமல், ஒரே தலைச்சொல்லின்கீழ், ஆட்டத்தில் தொடங்கிப் பாங்கி ஈறாகத் தோன்றிய கால வரிசையிலேயே அமைத்தல் வேண்டும்.