சாமி குத்தமா, ஆசாமி குத்தமா?

நேயர்களே, அந்தக் காலத்தில் தோட்டத்தில் காய்ச்சலோ அம்மையோ பரவினால் நம் பெரியவர்கள் முதலில் என்ன சொல்வார்கள்? "சாமி குத்தம்!" உடனே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், கரகம் எடுப்பார்கள். லகாட், ஈப்போ வட்டாரத்தில் பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இது தெரிந்த கதைதான்.

கோபப்படும் கடவுள் நமக்கு மட்டும் சொந்தமல்ல. கிறிஸ்துவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்லும் யூதர்களின் வேதத்திலும் தெய்வக் கோபம் அடிக்கடி வருகிறது. நாம் 'மூக்குக்கு மேல் கோபம்' என்கிறோம் அல்லவா? எபிரேய மொழியில் மூக்குக்கும் கோபத்துக்கும் ஒரே சொல்தான்: 'அஃப்'.

அந்தக் கோபம் யார் மீது? வேறு தெய்வங்களை வணங்கியவர்கள் மீது என்று பல இடங்களில் வருகிறது. ஆனால் கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ஆமோஸ் என்ற மந்தைக்காரர் வேறொன்றைச் சொன்னார். இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட இஸ்ரேல் செல்வத்தில் மிதந்த காலம் அது. தலைநகர் சமாரியாவில் 1930-களில் நடந்த அகழ்வில் தந்தச் செதுக்கல்கள் குவியலாகக் கிடைத்தன. அதே நாட்டில் சிறு கடனுக்காக ஏழைகள் அடிமையாக விற்கப்பட்டார்கள். தானிய வியாபாரிகள் தராசில் ஏமாற்றினார்கள். கடவுளின் கோபம் இவர்கள் மீதுதான், திருவிழாவும் பலியும் அதைத் தணிக்காது என்றார் ஆமோஸ்.

ஏழையிடம் அடகாக வாங்கிய மேலாடையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அந்த வேதத்தின் சட்டம். 1960-இல் இஸ்ரேல் கடற்கரையோரம் ஒரு பானை ஓடு கிடைத்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அறுவடை வேலையை ஒழுங்காக முடித்தும் தன் மேலாடையைப் பறித்துக்கொண்டார்கள் என்று ஒரு கூலித் தொழிலாளி அதிகாரியிடம் முறையிட்டதை அதில் எழுதியிருக்கிறார்கள். கங்காணியின் முன்பணக் கடனில் சிக்கித் தவித்தவர்களின் பிள்ளைகளான நமக்கு அந்தக் குரல் புரியாதா?

இப்போது நம் தோட்டத்துக் காய்ச்சலுக்கு வருவோம். ரப்பர் நடுவதற்காக மலைக்காட்டை அழித்தார்கள். வெயில் பட்ட ஓடைகளில் மலேரியா கொசு பெருகியது. 1901-இல் கிள்ளானில் பணியைத் தொடங்கிய டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்ட வைத்தார். அங்கே காய்ச்சல் குறைந்தது. மலைத் தோட்டத்து ஓடைகளின் ஆபத்தையும் பின்னர் அவரே விளக்கினார். இதெல்லாம் தெரிந்த பிறகும் வடிகால் போடாத நிர்வாகம் இருந்தால், அங்கே குத்தம் யாருடையது? கூழ் ஊற்ற மறந்த தொழிலாளியுடையதா?

மாரியம்மன் மீது பக்தி இருக்கட்டும். ஆனால் இனி யாராவது "சாமி குத்தம்" என்று சொன்னால், சாமிக்குக் கோபம் யார் மீது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.