விட்டுப்போன காற்புள்ளி

புதுச்சேரியில் நான் படித்த பள்ளியில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். ‘திக்தே’ என்று ஒரு வகுப்பு உண்டு. ஆசிரியர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுத வேண்டும். வாக்கியத்தோடு ‘விர்குல்’, ‘புவேன்’ என்று காற்புள்ளி, முற்றுப்புள்ளிகளையும் உரக்கச் சொல்லுவார். அப்படிப் படித்தும் பிற்காலத்தில் நான் ஒரு காற்புள்ளியை விட்டேன்.

தருமபுரி மாவட்டத்தில் இளநிலை உதவியாளராக இருந்தபோது ஒரு வாரிசுச் சான்றிதழுக்கு வரைவு எழுதினேன். இறந்தவருக்கு வாரிசுகள் இருவர்: மனைவி, மகன். ‘இன்னாள், மகன் இன்னான்’ என்று எழுத வேண்டியதை ‘இன்னாள் மகன் இன்னான்’ என்று எழுதிவிட்டேன். இரண்டு பேர் ஒருவராகிவிட்டார்கள். தட்டச்சும் ஆகிக் கையெழுத்தும் ஆயிற்று. அந்த அம்மாள் பேருந்து ஏறித் திரும்பி வந்து, “எம் பேரு மகனுக்கு அடையாளமா மட்டுந்தான் இருக்குதுங்களா, ஐயா?” என்று கேட்டார். திருத்தி வாங்க அவர் இன்னும் இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகுதான் இந்தக் குறிகளின் கதையைத் தேடிப் படித்தேன். தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ள நடுகற்களைப் பாருங்கள். ஆநிரைச் சண்டையில் மாண்ட வீரர்களின் செய்தி வட்டெழுத்தில் இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, நிறுத்தக் குறியும் கிடையாது. எங்கே பிரிப்பது என்பது படிப்பவர் பாடு. ஓலையிலும் அப்படித்தான். எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட வைக்கமாட்டார்கள். செய்யுளுக்கு இது பெரிய குறையில்லை. சீரும் அடியும் நிற்க வேண்டிய இடத்தைச் சொல்லிவிடும். மாணவனும் ஆசிரியர் வாயால் கேட்டே பாடம் படித்தான்.

அச்சு வந்து உரைநடை பெருகியபோது நிலைமை மாறியது. தனியே உட்கார்ந்து படிப்பவனுக்குப் பக்கத்தில் ஆசிரியர் இல்லை. அந்த இடத்தை நிரப்பியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). ஆங்கிலம் கற்றவர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவியவர், பிறகு சைவத்துக்காகச் சொந்த அச்சுக்கூடமே வைத்தவர். தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளை முறையாகக் கையாண்ட முன்னோடி என்று அவரையே சொல்கிறார்கள்.

தமிழில் இவற்றின் பெயர்களே எனக்குப் பிடிக்கும். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. சந்தையில் படி அளக்கிற கணக்கில், எவ்வளவு நிறுத்த வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. ‘விர்குல்’ என்ற சொல்லில் அந்த அளவு இல்லை.

அந்த அம்மாள் வந்துபோன நாளிலிருந்து, எந்த வரைவையும் மேலே அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். குரல் நிற்கிற இடத்தில் தாளிலும் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. இதையும் அப்படிப் படித்துவிட்டுத்தான் உங்களுக்குத் தருகிறேன்.